ஒரு துளிக் குருதியின் சாட்சியம்

நகரத்திலிருந்து தொலைவிலுள்ள கிராமத்து வைத்தியசாலை ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. காய்ச்சலால் வாடிய பிள்ளையைத் தாய் தூக்கி வருகின்றாள். வைத்தியர் நாடியைப் பார்க்கின்றார். நாவை நீட்டச் சொல்லிப் பார்க்கின்றார். உடம்பின் வெப்பத்தை அளக்கின்றார். ஆயினும் காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் வந்து தட்டும் பொதுவான வாயில் அது. தட்டியது டெங்குவா, எலிக்காய்ச்சலா, வேறொரு வைரசுக் காய்ச்சலா என்பதைத் தொட்டுப் பார்த்து அறிதல் எளிதன்று. ஆகவே சிறிது குருதி எடுக்கப்பட்டு நகரத்து ஆய்வுகூடத்திற்கு அனுப்பப்படுகின்றது. விடை திரும்பி வருவதற்குள் நாட்கள் சில கழிந்துவிடுகின்றன. அதற்குள் பிள்ளை தேறி விளையாடப் போயிருக்கலாம்; நோய் முற்றிப் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டும் இருக்கலாம். காலங்கடந்து வரும் உண்மை ஏட்டுக்குப் பயன்படும். நோயாளிக்குப் பயன்படுவது அரிது.

ஆய்வுகூடத்தை நாடி நோயாளியின் குருதி செல்வதற்குப் பதிலாக, ஆய்வுகூடமே சுருங்கி நோயாளியின் கட்டிலருகே வந்துவிட முடியாதா? இவ்வினாவிற்கு விஞ்ஞானிகள் தேடிவரும் விடைகளுள் ஒன்றே மின்னிரசாயன உயிருணரி என்னும் சிறு கருவியாகும். வைரசு ஒன்று உடலுள் புகுந்து சென்றதா என்பதை, குருதியில் அது விட்டுச் சென்ற அடையாளத்தைக் கொண்டு அறிந்து, அவ்வடையாளத்தை மின்னோட்டமாக மாற்றி எண்ணாகக் காட்டுவது இக்கருவியின் தொழில். அது எங்ஙனம் வேலை செய்கின்றது, அதன் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

முதலில் அவ்வடையாளம் யாதென அறிதல் வேண்டும். வைரசு ஒன்று உடலுள் நுழைந்தவுடன், அதன் மேற்புறத்திலுள்ள புரதங்கள் அந்நியமானவை என உடல் உணர்ந்துகொள்கின்றது. அந்நியத்தன்மையை உணர்த்தும் இப்பொருள்கள் பிறபொருளெதிரியாக்கிகள் எனப்படும். அவற்றைப் பற்றிப் பிடிப்பதற்கென உடல் ஆக்கும் புரதங்கள் பிறபொருளெதிரிகள் எனப்படும். பிறபொருளெதிரி ஒன்றின் வடிவம் கவண்தடியை ஒத்தது: கீழே ஒரு தண்டு, மேலே இரு கிளைகள். அவ்விரு கிளைகளின் நுனிகளே பிடிக்கும் கைகள். ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பு என்பதுபோல, ஒரு வைரசின் புரதத்திற்கென ஆக்கப்பட்ட நுனி பெரும்பாலும் அப்புரதத்தையே பற்றும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் அச்சொல்லே பெருந்தொல்லை தருவதைக் காணலாம்.

பிறபொருளெதிரிகளுள் இருவகை இங்கு முக்கியமானவை. தொற்று ஏற்பட்டதும் முதலில் தோன்றுவது ஐ.ஜி.எம். என்னும் வகை. கவண்தடிகள் ஐந்து ஒன்றாகக் கட்டப்பட்டாற்போன்று பத்துக் கைகளுடன் விளங்கும் இது, முதற்படையாக வந்து சில கிழமைகளிலோ மாதங்களிலோ மறைந்துவிடும். அதனைத் தொடர்ந்து வருவது ஐ.ஜி.ஜி. என்னும் வகை. இது நெடுங்காலம், சில நோய்களில் வாழ்நாள் முழுவதும், குருதியில் தங்கியிருக்கும். முன்னையது அண்மையில் நிகழ்ந்ததைக் கூறும் செய்தித்தாள் என்றால், பின்னையது பழைய நிகழ்ச்சிகளைக் காக்கும் வரலாற்றேடு எனலாம். வைரசு போய்விட்டாலும் அது வந்துபோனதற்கான சாட்சியம் குருதியில் நிலைபெற்றிருக்கின்றது.

இச்சாட்சியத்தை வாசிக்கும் முயற்சி புதியதன்று. 1971ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஸ்ரொக்கோம் நகரில் எங்வால், பேள்மான் என்னும் இருவரும், அதே காலத்தில் ஒல்லாந்தில் வேறிருவரும், நொதியத்தைத் துணைக்கொண்டு பிறபொருளெதிரிகளை அளக்கும் முறையை வகுத்தனர். ‘எலைசா’ என்று சுருங்க வழங்கப்படும் அம்முறை இன்றும் ஆய்வுகூடங்களின் முதுகெலும்பாக உள்ளது. சிறு குழிகள் பொருந்திய பிளாத்திக்குத் தட்டின் அடியில் வைரசுப் புரதம் பூசப்படும். அதன்மேல் நோயாளியின் நீர்ப்பாயம், அஃதாவது குருதிக் கலங்களை நீக்கியபின் எஞ்சும் தெளிந்த திரவம், ஊற்றப்படும். உரிய பிறபொருளெதிரி இருப்பின் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். இல்லையேல் கழுவும்போது யாவும் போய்விடும். பற்றியிருப்பதைக் கண்டறிய, மனிதப் பிறபொருளெதிரியைப் பிடிக்கவல்லதும் நொதியம் ஒன்று கட்டப்பட்டதுமான இரண்டாவது பிறபொருளெதிரி சேர்க்கப்படும். மீண்டும் கழுவிய பின் ஊற்றப்படும் நிறமற்ற திரவத்தை அந்நொதியம் நிறமுள்ளதாக மாற்றும். நிறம் தோன்றினால் தொற்று நிகழ்ந்தது. தோன்றாவிடின் சாட்சியம் இல்லை.

இம்முறை மனித குலத்திற்கு ஆற்றிய தொண்டு பெரிது. 1985ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. பிறபொருளெதிரியைக் காட்டும் எலைசாச் சோதனை அமெரிக்காவில் அனுமதி பெற்ற பின்னரே, தானம் செய்யப்படும் குருதியைச் சோதித்து ஏற்றுவது இயலக்கூடியதாயிற்று. எனினும் அதற்கும் எல்லை உண்டு. கழுவலும் காத்திருத்தலும் மாறிமாறி வருவதால் சில மணித்தியாலங்கள் செல்லும். நிறத்தின் செறிவை அளக்க ஒளிமானி தேவை. பயிற்சி பெற்ற கைகள் தேவை. தடையற்ற மின்சாரமும் குளிரூட்டியும் தேவை. இவை யாவும் அமைந்த இடத்தில் நோயாளி இருப்பதில்லை. நோயாளி இருக்கும் இடத்தில் இவை அமைவதில்லை.

இவ்விடத்திலேதான் மின்னிரசாயனம் துணைக்கு வருகின்றது. அதன் வரலாறு வைரசுகளிலிருந்து தொடங்கவில்லை; மூச்சுக்காற்றிலிருந்து தொடங்குகின்றது. அமெரிக்க விஞ்ஞானியான லீலன்ட் கிளாக் என்பவர் குருதியில் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்க விரும்பினார். பிளாற்றினத்தாலான மின்வாய் ஒன்றைக் குருதியினுள் வைத்தால் குருதியிலுள்ள புரதங்கள் அதன்மேல் படிந்து அதனைப் பயனற்றதாக்கிவிடும். ஆதலால் அவர் மின்வாயை மெல்லிய சவ்வு ஒன்றினால் மூடினார். ஒட்சிசன் சவ்வினூடு புகும், புரதம் புகாது. மின்வாயை அடையும் ஒட்சிசன் இலத்திரன்களைப் பெற்று மாற்றமடைய, அதற்கேற்ப மின்னோட்டம் பாயும். 1956ஆம் ஆண்டில் வெளியான அக்கருவி சத்திரசிகிச்சை அறைகளில் உயிர்காக்கும் துணையாயிற்று.

1962ஆம் ஆண்டில் கிளாக்கும் லையன்சும் அடுத்த படியை எடுத்து வைத்தனர். குளுக்கோசை மாத்திரம் தெரிந்தெடுத்து ஒட்சியேற்றும் நொதியம் ஒன்றை அம்மின்வாயின் முன்னே இருத்துவது பற்றி அவர்கள் எழுதினர். குளுக்கோசு அதிகமாயின் நொதியம் அதிக ஒட்சிசனைச் செலவிடும்; மின்வாயை அடையும் ஒட்சிசன் குறையும்; அக்குறைவே சீனியின் அளவைச் சொல்லும். ஓர் உயிர்ப்பொருளின் தெரிந்தெடுக்கும் ஆற்றலையும் உலோகத்தின் மின்கடத்தும் ஆற்றலையும் ஒன்றிணைத்த இக்கருத்தே உயிருணரியின் பிறப்பு எனப்படுகின்றது. 1987இல் பேனா வடிவில் குளுக்கோசுமானி ஒன்று விற்பனைக்கு வந்தது. இன்று நீரிழிவு நோயாளர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தபடியே விரல்நுனித் துளியைச் சிறு பட்டியிலே தொட்டுச் சில விநாடிகளில் எண்ணைக் காண்கின்றனர். சீனிக்கு இது கைகூடியதென்றால், வைரசின் சாட்சியத்திற்கு ஏன் கைகூடவில்லை?

காரணம் எளிது. குளுக்கோசு ஏராளமாக உள்ளது. அதனை எரித்து இலத்திரன் தரும் நொதியமும் உண்டு. பிறபொருளெதிரியோ எதனையும் எரிப்பதில்லை, எதனையும் மாற்றுவதில்லை. அது பற்றிப் பிடிக்கும், அவ்வளவே. மேலும், ஒரு லீற்றர் குருதியின் நீர்ப்பாயத்தில் ஐ.ஜி.ஜி. வகைப் புரதம் ஏறத்தாழ 10 கிராம் உண்டு. ஒருவர் வாழ்நாளில் கண்ட எல்லா நோய்களினதும் நினைவுகள் அதில் கலந்துள்ளன. அக்கூட்டத்துள் ஒரு குறித்த வைரசுக்குரியவற்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். ஆகவே ‘பிடித்தல்’ என்னும் அமைதியான செயலை ‘மின்னோட்டம்’ என்னும் பேசும் செயலாக மாற்றும் உபாயமே இக்கருவியின் உயிர்நிலை.

கருவியின் அமைப்பைப் பார்ப்போம். தீப்பெட்டியின் அகலத்திற்கும் குறைந்த பிளாத்திக்குத் துண்டு ஒன்றிலோ தடித்த கடதாசியிலோ, துணியில் கோலம் அச்சிடுவதுபோலக் காபன் மையினால் மூன்று மின்வாய்கள் அச்சிடப்படுகின்றன. நடுவிலுள்ளது வேலை செய்யும் மின்வாய். நிகழவேண்டிய யாவும் அதன்மேல் நிகழும். இரண்டாவது ஒப்பீட்டு மின்வாய். கடல்மட்டத்தைக் கொண்டு மலையின் உயரத்தைச் சொல்வதுபோல, மின்னழுத்தத்தை அளப்பதற்கு மாறாத அடிநிலையை அது தருகின்றது. மூன்றாவது துணை மின்வாய். மின்சுற்றை நிறைவு செய்வது அதன் கடமை. வேலை செய்யும் மின்வாயின் மேல் பெரும்பாலும் பொன்னின் நுண்டுகள்களோ, ஓரணு தடிப்புள்ள காபன் தாளாகிய கிராபீனோ பூசப்படும். இதனால் மேற்பரப்பு பலமடங்கு விரிவடைகின்றது. அம்மேற்பரப்பில் வைரசின் புரதம் நிலையாகப் பிணைக்கப்படுகின்றது. புரதம் படியாத இடைவெளிகள் பாற்புரதம் போன்ற தீங்கற்ற பொருளால் அடைக்கப்படுகின்றன. இல்லையேல் குருதியிலுள்ள வேறு புரதங்கள் அங்கு ஒட்டிப் பொய்யான விடை தரும்.

இனி, பிடிபட்ட பிறபொருளெதிரியைப் பேசவைக்கும் வழிகள். அவை பலவாயினும் மூன்றைக் கூறுவது போதும். முதலாவது, எலைசாவின் வழியையே பின்பற்றுவது. நொதியம் கட்டிய இரண்டாவது பிறபொருளெதிரி இங்கும் சேர்க்கப்படுகின்றது. ஆனால் அந்நொதியம் நிறத்தை ஆக்குவதற்குப் பதிலாக, மின்வாயில் இலத்திரனைக் கொடுக்கவோ வாங்கவோ வல்ல பொருளை ஆக்குகின்றது. கண்ணோ ஒளிமானியோ தேவையில்லை. மின்னோட்டம் நேரே எண்ணாக வெளிப்படும். குதிரைமுள்ளங்கி என்னும் கிழங்கிலிருந்து பெறப்படும் நொதியமே இதற்குப் பெரிதும் பயன்படுவது. ஒரு நொதிய மூலக்கூறு ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பல மூலக்கூறுகளை மாற்றுவதால், பிடிபட்டவை சிலவாயினும் எழும் குரல் பெரிதாகின்றது. மின்னோட்டத்தை அளக்கும் கலையும் மிக நுண்ணியது. ஒரு மைக்குரோ அம்பியர் என்பது அம்பியரின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய ஓட்டத்திலும் ஒரு விநாடிக்கு ஆறு இலட்சம் கோடிக்கு மேற்பட்ட இலத்திரன்கள் பாய்கின்றன. அதனிலும் ஆயிரத்திலொரு பங்கை அளக்கும் கருவியை இன்று உள்ளங்கையில் அடக்கலாம்.

இரண்டாவது வழி, வாயிலை மறித்தல். இலத்திரனை எளிதிற் கொடுத்து வாங்கும் இரும்புச் சேர்வை ஒன்று திரவத்தில் கலக்கப்படுகின்றது. மின்வாயின் மேற்பரப்பு திறந்திருக்கும்போது அச்சேர்வை தடையின்றி வந்து மின்னோட்டத்தைத் தரும். பிறபொருளெதிரிகள் வந்து அமர்ந்தால், ஒடுங்கிய வாயிலில் ஆட்கள் கூடி நிற்பதுபோல வழி அடைபட்டு, மின்னோட்டம் குறையும். எவ்வளவு குறைவோ அவ்வளவு பிறபொருளெதிரி. தாய்லாந்தின் பாங்கொக் நகரிலுள்ள சூலாலங்கோர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கடதாசி உணரி இத்தகையது. கொவிட்-19 வைரசின் முட்புரதத்தைக் கடதாசியில் அமைத்த மின்வாயிற் பொருத்தி, அதற்கெதிரான ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். ஆகிய இரண்டையும் ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் அவர்கள் கண்டறிந்தனர். நொதியமும் இரண்டாவது பிறபொருளெதிரியும் அங்கு வேண்டப்படவில்லை.

மூன்றாவது வழி இன்னும் நயமானது. அமெரிக்காவில் சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிளாக்சோ என்பவரின் ஆய்வுக்குழு, மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. இழை ஒன்றைப் பொன் மின்வாயில் நட்டது. இழையோடு மெதிலீன் நீலம் என்னும் சாயமும், வைரசுப் புரதத்தின் சிறு துண்டும் கட்டப்பட்டன. காற்றில் ஆடும் நாணல்போல அவ்விழை அசையும்போது, சாயம் மின்வாயை அடிக்கடி நெருங்கி இலத்திரனைப் பரிமாறும். பருமனான பிறபொருளெதிரி ஒன்று வந்து பிடித்துக்கொண்டாலோ, பறவை அமர்ந்த நாணல்போல இழையின் ஆட்டம் தளரும்; மின்னோட்டம் வீழும். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முறையிற் கழுவுதல் என்னும் வேலையே இல்லை. ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வரவேண்டிய கருவிக்கு இது சிறிய நன்மையன்று. சோதனையில் நிகழும் தவறுகளுட் பல கழுவும்போதே நிகழ்கின்றன.

2020ஆம் ஆண்டில் கொவிட்-19 உலகெங்கும் பரவியபோது இத்துறை விரைந்து வளர்ந்தது. பிற்சுபேர்க் நகரத்துக் கார்ணெகி மெலன் பல்கலைக்கழகத்தில், கண்ணுக்குப் புலப்படாத பொற்றூண்கள் அச்சிடப்பட்டு, அவற்றின்மேல் கிராபீனும் வைரசுப் புரதமும் பூசப்பட்டன. பிறபொருளெதிரி வந்து பற்றியதும் ஏற்படும் மின்தடங்கலின் மாற்றத்தை அக்கருவி சில விநாடிகளிலேயே காட்டியது. அமிலத் திரவத்தால் ஒரு நிமிடத்துள் துலக்கி அதனை மீண்டும் பயன்படுத்தவும் முடிந்தது. கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகத்தார் ஒரே தகட்டில் நான்கு உணரிகளை அமைத்தனர். அவற்றுள் ஒன்று வைரசின் உட்புரதத்தையும், இரண்டு இருவகைப் பிறபொருளெதிரிகளையும், நான்காவது உடலின் அழற்சியைக் காட்டும் புரதத்தையும் அளந்தன. 2022இல் வெளியான வேறொரு கருவி, உமிழ்நீரில் வைரசின் மரபுப்பொருளையும் அதற்கெதிரான பிறபொருளெதிரியையும் ஒருங்கே கண்டறிந்தது. நோய் இப்பொழுது உள்ளதா, முன்னர் வந்துபோனதா என்னும் இரு வினாக்களுக்கும் ஒரே தகடு விடை தந்தது.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், இனிக் குறை யாதுமில்லை என எண்ணுதல் கூடும். ஆய்வுகூட மேசையில் வென்ற கருவி கிராமத்து வைத்தியசாலையிலும் வெல்லுமென்பது உறுதியன்று. தூய திரவத்தில் நன்றாக வேலைசெய்யும் மின்வாய், குருதியில் வைத்ததும் தடுமாறும். கிளாக் அன்று கண்ட படிவுத்தொல்லை இன்றும் முற்றாக நீங்கவில்லை. மின்வாயிற் பூசிய புரதம் வெப்பத்தில் நிலைகுலையும். வெப்ப நாடுகளில் அதனைப் பல மாதம் கெடாது வைத்திருத்தல் கடினம். ஆயிரம் தகடுகளை அச்சிட்டால் ஆயிரமும் ஒரே விடையைக் கூறவேண்டும். கைவினையாகச் செய்த ஒன்றில் வெற்றி காண்பது வேறு. ஆயிரத்திலும் அதே வெற்றியைக் காண்பது வேறு. குளுக்கோசுப் பட்டியும் 1962இன் கருத்திலிருந்து 1987இன் பேனாவை அடையக் கால் நூற்றாண்டு எடுத்தது.

இவற்றினும் ஆழமான இடர் ஒன்று உண்டு. அது கருவியின் குறையன்று. கேட்கப்படும் வினாவின் சிக்கல். பிறபொருளெதிரி தனக்குரிய புரதத்தையே ‘பெரும்பாலும்’ பற்றும் என்று முன்னர் கூறப்பட்டது. ஒரே குடும்பத்து வைரசுகள் முகச்சாயலில் ஒத்திருப்பதால், ஒன்றுக்கென ஆக்கப்பட்ட பிறபொருளெதிரி மற்றொன்றையும் பற்றுவதுண்டு. டெங்கு வைரசும் சிக்கா வைரசும் அத்தகைய உறவினர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் பிரேசிலில் சிக்கா பரவியபோது, முன்னர் டெங்கு கண்டோரின் குருதி சிக்காச் சோதனையிலும் ‘ஆம்’ என்றது. கருப்பவதி ஒருத்திக்கு அவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சிக்கா வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கவல்லது.

விடையின் பிழை எவ்வளவு விலையுடையது என்பதற்கு டெங்குவின் வரலாற்றிலேயே சான்று உண்டு. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள. ஒரு வகையால் ஒருமுறை நோயுற்றவரை, பின்னர் வேறொரு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். முதல் தொற்றின் பிறபொருளெதிரிகள் இரண்டாவது வகையைப் பற்றினாலும் அதனை அழிக்க வல்லன அல்ல. மாறாக, அது கலங்களுள் நுழைவதற்கே துணைபோகின்றன. 2016ஆம் ஆண்டில் பிலிப்பைன்சு நாட்டில் டெங்குத் தடுப்பு மருந்து ஒன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்றப்பட்டது. எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றனர். 2017 நவம்பரில் அதனை ஆக்கியோரே வெளியிட்ட ஆய்வு முடிவு நாட்டையே உலுக்கியது. முன்னர் டெங்கு கண்ட பிள்ளைகளை அம்மருந்து காத்தது. ஒருபோதும் காணாத பிள்ளைகளுக்கோ, பின்னர் தொற்று ஏற்படின் நோய் கடுமையாகும் ஆபத்தை அது கூட்டியது. மருந்தேற்றும் திட்டம் நிறுத்தப்பட்டது. தம் பிள்ளை எப்பிரிவைச் சேர்ந்தது என்று அறியாத பெற்றோர் அச்சத்தில் ஆழ்ந்தனர். வேறு நோய்களுக்கான தடுப்பு மருந்துகளிலும் மக்கள் நம்பிக்கை தளர்ந்தது.

2018ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தெளிவான ஆலோசனை கூறியது: அத்தடுப்பு மருந்தை ஏற்றுமுன் ஒவ்வொருவரின் குருதியையும் சோதித்து, முன்னர் டெங்கு கண்டவருக்கு மட்டும் ஏற்றுதல் வேண்டும். சிந்தித்துப் பார்ப்பின், பாடசாலை வாயிலில் நிற்கும் ஒரு பிள்ளையின் விரல்நுனித் துளியில் பழைய ஐ.ஜி.ஜி. உண்டா இல்லையா என்னும் வினாவிலேயே அப்பிள்ளையின் நலம் தங்கியிருந்தது. அவ்விடத்திலேயே, சில நிமிடங்களில், தவறின்றி விடை சொல்லும் மலிவான கருவி அன்று கைவசம் இருக்கவில்லை. இதன் பின்னர் வந்த வேறொரு டெங்குத் தடுப்பு மருந்துக்கு, டெங்கு மிகுதியாகப் பரவும் இடங்களில் இத்தகைய முன்சோதனை வேண்டியதில்லை என அந்நிறுவனம் கூறியுள்ளது. எனினும் பிலிப்பைன்சு புகட்டிய பாடம் பழையதாகிவிடவில்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டதாகப் பதிவு செய்த இலங்கைக்கும், நுளம்பு வாழும் எல்லா நாடுகளுக்கும் அப்பாடம் பொதுவானது.

இங்கு எளிய கணக்கு ஒன்றைச் செய்து பார்ப்பது நலம். தொற்றுக் கண்டோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகக் காட்டுவதும், காணாதோருள் நூற்றுக்கு ஐவரை மட்டும் தவறாகக் காட்டுவதுமான ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் எண்ணூறு பேர் முன்னர் தொற்றுக் கண்டோராயின், கருவி 720 பேரைச் சரியாகவும் 10 பேரைத் தவறாகவும் ‘ஆம்’ எனச் சொல்லும். அவ்விடை நம்பத்தக்கது. அதே கருவியை, ஆயிரம் பேருள் நூறு பேர் மட்டுமே தொற்றுக் கண்ட வேறோர் ஊருக்குக் கொண்டு செல்வோம். அங்கு சரியான ‘ஆம்’ 90; தவறான ‘ஆம்’ 45. ‘ஆம்’ என்னும் மூன்று விடைகளுள் ஒன்று பொய். கருவி மாறவில்லை, ஊர் மாறியது. ஆகவே ஒரு சோதனையின் சொல்லை நிறுக்கும்போது, அது எங்கே யாரிடம் கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நிறுத்தல் வேண்டும்.

‘இல்லை’ என்னும் விடைக்கும் இவ்வாறே பொருள் காண வேண்டும். பிறபொருளெதிரி தோன்ற உடலுக்குக் காலம் வேண்டும். டெங்குவில் ஐ.ஜி.எம். தென்படக் காய்ச்சல் தொடங்கி நான்கைந்து நாட்களாகும்; அதற்கு முன்னர் வைரசின் புரதத்தையோ மரபுப்பொருளையோ தேடுவதே முறை. எச்.ஐ.வி. தொற்றில் பிறபொருளெதிரி தென்பட மூன்று கிழமை முதல் மூன்று மாதம் வரை செல்லலாம். அவ்விடைக்காலத்தில் எத்துணைச் சிறந்த கருவியும் ‘இல்லை’ என்றே கூறும். மறுபுறத்தில், எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த சிசுவிடம், அது தொற்றில்லாததாயினும், தாயின் ஐ.ஜி.ஜி. தொப்புட்கொடி வழியாக வந்து பதினெட்டு மாதம் வரையும் தங்கியிருக்கக் கூடும். அங்கு கருவி கூறும் ‘ஆம்’ தாயின் வரலாறேயன்றிச் சேயின் வரலாறன்று.

எந்தப் புரதத்தை மின்வாயிற் பூசுவது என்பதும் வினாவையே மாற்றிவிடும். கொவிட்-19 வைரசின் முட்புரதத்தை மட்டும் கொண்டு ஆக்கப்பட்ட தடுப்பு மருந்தைப் பெற்றவரிடம் அப்புரதத்துக்குரிய பிறபொருளெதிரியே தோன்றும்; நோய் கண்டவரிடம் உட்புரதத்துக்குரியதும் தோன்றும். ஆகவே இரு புரதங்களையும் இரு மின்வாய்களில் வைத்தால், மருந்தேற்றியவரையும் நோய் கண்டவரையும் வேறு பிரிக்கலாம். ஆனால் 2021இல் இலங்கையில் மிகப் பலருக்கு ஏற்றப்பட்டது, கொல்லப்பட்ட முழு வைரசாலாகிய சீனத் தடுப்பு மருந்து. முழு வைரசில் முட்புரதமும் உண்டு, உட்புரதமும் உண்டு. எனவே ஒரு நாட்டில் தெளிவாகப் பிரித்துக் காட்டும் அதே உணரி, இன்னொரு நாட்டில் இருவரையும் ஒன்றெனக் காட்டிவிடும். அந்தந்த நாட்டின் நோய்களையும் மருந்துகளையும் அறிந்தவர்களே அந்தந்த நாட்டுக்குரிய உணரியை வகுக்கவும் அதன் விடையை வாசிக்கவும் வல்லர் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடர்களைக் கண்டு சோர்வடைவதற்குக் காரணமில்லை. இவற்றை அறிந்த பின்னரே கருவி வளர்ந்து வருகின்றது. ஒரு புரதத்திற்குப் பதிலாகப் பல புரதங்களை ஒரே தகட்டில் வரிசையாக அமைத்து, உறவுள்ள வைரசுகளை ஒப்பிட்டு அறியலாம்; சாட்சி ஒருவரை நம்புவதைவிடப் பலரை விசாரிப்பது நன்றன்றோ? ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டையும் ஒருங்கே அளந்து, தொற்று அண்மையதா பழையதா என உய்த்துணரலாம். ‘ஆம், இல்லை’ என்னும் இரு சொற்களோடு நில்லாது அளவையும் எண்ணாகத் தருவது மின்னோட்டத்தின் தனிச்சிறப்பு. சில நாட்கள் கழித்து மீண்டும் அளந்து, ஏறுகின்றதா இறங்குகின்றதா எனப் பார்க்கலாம். ஏறும் எண் புதிய தொற்றையும், நிலைத்த எண் பழைய தொற்றையும் சுட்டும். ஐயமான விடைகளை மட்டும் நகரத்து ஆய்வுகூடத்திற்கு அனுப்பினால், அங்கும் சுமை குறையும். விடையும் விரைந்து வரும்.

முதலிற் கண்ட கிராமத்து வைத்தியசாலைக்கு மீண்டும் வருவோம். அங்குள்ள வைத்தியரின் கையில் நாளை இச்சிறு தகடு இருக்குமாயின், அது நாடி பார்க்கும் விரலுக்கோ நோயாளியின் கதையைக் கேட்கும் செவிக்கோ பதிலாகாது. காய்ச்சல் எத்தனை நாள் என்று தாயிடம் கேட்காமல் அத்தகட்டின் எண்ணுக்குப் பொருள் கொள்ள முடியாது. முன்னர் எந்த நோய் கண்டது, எந்த ஊசி ஏற்றப்பட்டது, ஊரில் இப்பொழுது என்ன நோய் பரவுகின்றது என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். குருதியின் சாட்சியத்தை மின்னோட்டம் வாசித்துக் கொடுக்கும்; தீர்ப்பை வழங்குவது மனிதர் கடன். சாட்சி விரைந்து வருவதால் தீர்ப்பும் காலத்தே வழங்கப்படுமாயின், தாய் ஒருத்தி பல நாட்கள் விடையின்றிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒட்சிசனை அளக்க ஒரு மின்வாயைச் சவ்வினால் மூடிய நாளில் தொடங்கிய பயணம், அவ்வெல்லையை நோக்கியே சென்றுகொண்டிருக்கின்றது.